மலைக்குப் போக மனு!



கொடைக்கானல் எங்கே இருக்கிறது என்று திண்டுக்கல் தெருவிலே விளையாடும் சிறுவனைக் கேளுங்கள். மேற்கே கையை நீட்டுவான். மழை ஓய்ந்த மாலையிலே மலைக்கோட்டை மேலேறி நின்றால் அந்த நீலத் தொடர் கண்ணுக்கு எட்டுகிறது. பூட்டுப் பட்டறையிலே அரம் பிடிப்பவனும், பேகம்பூரிலே தோல் பதனிடுபவனும், சின்னாளப்பட்டியிலே சுங்குடிக்கு முடிச்சுப் போடும் தாயும், நிலக்கோட்டைத் தோட்டத்திலே மல்லிகை பறிப்பவளும் பார்த்துப் பார்த்துப் பழகிய மலை அது. பார்க்கலாம், தடுப்பாரில்லை. பார்ப்பதற்கு மனு வேண்டியதில்லை. போவதற்குத்தான் மனு!

2025 ஆம் ஆண்டு மே மாதத்திலே ஒரு சனிக்கிழமை இரவு. நாகல் நகர்ப் பக்கம், கணினியும் நகல் எடுக்கும் இயந்திரமும் வைத்திருக்கும் ஒரு சின்னஞ்சிறு கடை. ஏதோ ஒரு விண்ணப்பத்துக்கு நகல் எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னாலே பூட்டுப் பட்டறைத் தோழர்கள் நால்வர். நகக்கண்ணிலே இரும்புத் தூள் இன்னும் கழுவப்படவில்லை. சட்டைப் பையிலே வாரக் கூலி. முகத்திலே ஒரு மலர்ச்சி. ஏன் தெரியுமா? மறுநாள் ஞாயிறு, பட்டறைக்கு விடுமுறை என்று முதலாளி வாய் திறந்து சொன்னதே மாலை ஏழு மணிக்கு! ஏழு மணிக்கு அவர் சொன்னார். எட்டு மணிக்கு இவர்கள் முடிவு செய்தார்கள். ஒன்பது மணிக்குக் கடை வாசலுக்கு வந்துவிட்டார்கள். பெண்டு பிள்ளைகளோடு பதினான்கு பேர், காலையிலே புறப்பட்டு இரவுக்குள் கொடைக்கானல் போய்த் திரும்ப!

கடையிலிருந்த பெண் கேட்டாள்:

“வண்டி நம்பர் சொல்லுங்கண்ணே.”

“வேன்தாம்மா.”

“வேன் சரிண்ணே. நம்பர்?”

“அது இப்பத் தெரியாதும்மா. வேன்காரரு ரெண்டு வண்டி வச்சிருக்காரு. கல்யாணத்துக்குப் போனது திரும்பி வந்தாத்தான் எது வரும்னு சொல்ல முடியுமாம்.”

“நம்பர் இல்லாம இ-பாஸ் எடுக்க முடியாதுண்ணே. கேக்குதுல்ல... எத்தனை பேரு, என்ன வண்டி, ஒருநாளா தங்கலா, எல்லாம் போடணும்.”

“கடை எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?”

“பத்து மணிக்குச் சாத்திருவேண்ணே.”

“கல்யாண வேன் பதினோரு மணிக்குத்தான் வருமாம்!”

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள. அவர்களிலே மூத்தவர், தலை நரைத்தவர், மெல்லக் கேட்டார்:

“ஏம்மா, நாங்க பதினாலு பேரு ஏறினா மலை என்ன சாஞ்சா போயிடும்?”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தேன். கட்டணம் ஒரு காசும் இல்லாத அந்த அனுமதிச் சீட்டைப் பதிந்து கொடுக்கக் கடைக்கூலி ஐம்பது ரூபாய் என்று ஒட்டியிருந்தது. அவளைக் குறை சொல்லமாட்டேன். வாடகையும் மின்கட்டணமும் கட்டவேண்டியவள் அவள். ஆனால், இலவசச் சீட்டுக்கு ஐம்பது ரூபாய் யார் கொடுக்கிறார்கள்? கைக்குள்ளே கணினி வைத்திருக்கிற கனவான் கொடுப்பதில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்தால் தயங்குகிற தோழன்தான் கொடுக்கிறான்!

மலை சாய்ந்துவிடுமா என்று கேட்டாரே பெரியவர், அந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஒரு வகையிலே சாயத்தான் செய்யும்.

சென்னை உயர் நீதிமன்றத்திலே, நீதிபதிகள் சதீஷ்குமார், பரத சக்கரவர்த்தி ஆகியோர் முன்னிலையிலே இந்த வழக்கு வந்தது. கோடைக் காலத்திலே நீலகிரிக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 வண்டிகள் ஏறுகின்றன என்ற கணக்கை அங்கே வைத்தார்கள். இருபதாயிரம்! வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதை, ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், நடுவிலே இருபதாயிரம் வண்டி. அதன் புகை, அதன் குப்பை, அது குடிக்கும் தண்ணீர், அது நிற்க வேண்டிய இடம். 2024 ஏப்ரல் 29 அன்று நீதிமன்றம் ஆணையிட்டது. மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகும் வண்டிகள் இணையத்திலே பதிந்து இ-பாஸ் பெறவேண்டும் என்றாயிற்று. அந்த ஆண்டு, கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தது. எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவே அந்த ஏற்பாடு.

முதலிலே எண்ணினார்கள். அடுத்து அளந்தார்கள். 2025 மார்ச் மாதத்திலே வந்த ஆணை, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரையிலே, நாளொன்றுக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பு கட்டியது. கொடைக்கானலுக்கு வேலை நாட்களிலே 4,000 வண்டி, வார இறுதியிலே 6,000 வண்டி. நீலகிரிக்கு 6,000, வார இறுதியிலே 8,000. உள்ளூர் மக்களின் வண்டிகளுக்கு இந்த வரம்பு இல்லை. விளைபொருள் ஏற்றிவரும் வண்டிக்கு இல்லை. அரசுப் பேருந்துக்கும் இல்லை. இந்தக் கடைசிச் செய்தியை நினைவிலே வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே, பின்னாலே அதற்கு வருகிறேன்.

மலைமேல் வாழ்கிறவர்கள் என்ன சொன்னார்கள்? நீலகிரியிலே 2025 ஏப்ரல் 2 அன்று கடைகளை அடைத்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஏரிக்கரையிலே குதிரை வைத்திருப்பவன், மக்காச்சோளம் சுட்டு விற்பவள், அறை வாடகைக்கு விடுபவன், இவர்களுக்குக் கோடை இரண்டு மாதந்தான் அறுவடை. வண்டி குறைந்தால் வயிறு குறையும். ஆனால் அதே மனிதர்கள்தான், குடிதண்ணீர் வண்டி வராத நாளிலே, நோயாளியை ஏற்றிய வண்டி நெரிசலிலே சிக்கி நிற்கிற நாளிலே, ‘இவ்வளவு கூட்டம் ஏன்’ என்றும் கேட்கிறார்கள். இரண்டும் உண்மைதான்.

ஆகவே, வரம்பு கூடாது என்று சொல்ல நான் பேனா எடுக்கவில்லை. வரம்பு வேண்டும். வரிசையும் வேண்டும். வரிசை என்பது ஏழைக்கு வேண்டிய ஏற்பாடு. நியாய விலைக் கடையிலே முன்னால் வந்தவன் முன்னால் வாங்குகிறான். ஜமீன்தார் மகனாயிருந்தாலும் பின்னால்தான் நிற்கவேண்டும். நான் கேட்பது வேறு. இந்தப் புதிய வரிசை எங்கே தொடங்குகிறது? அதிலே முன்னால் நிற்பவன் யார்?

கொடைக்கானலின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1845 இலே அமெரிக்கப் பாதிரிமார்கள் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். சமவெளியின் வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் மேலே போனார்கள். 1863 இலே மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை ஓடையை மறித்து ஏரி அமைத்தார். அந்த ஏரியைத்தான் இன்று படகிலே சுற்றுகிறோம். மோட்டார் சாலை வருவதற்கு முன்பு, துரையும் துரைசானியும் எப்படி மலையேறினார்கள்? நாற்காலியிலே! அந்த நாற்காலி எதன்மேல் இருந்தது? நம் பாட்டன் தோளின்மேல்! சுமந்தவன் அன்று கோடை வாசத்துக்கா போனான்? இறக்கிவைத்துவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு கீழே இறங்கினான்.

பிறகு சாலை வந்தது, பேருந்து வந்தது, சுமந்தவனின் பேரனும் ஒருநாள் சீட்டு வாங்கி உட்கார்ந்து மலையேறினான். நான் ஏறியதும் அப்படித்தான். பள்ளிச் சுற்றுலா. எட்டாம் வகுப்பு. ஏரியைக் காட்டிலும் எனக்கு இன்றைக்கும் நினைவிருப்பது, மேகம் சன்னல் வழியாகப் பேருந்துக்குள்ளே வந்ததுதான். வாந்தியெடுத்த வகுப்புத் தோழனும் நினைவிலிருக்கிறான். பெயர் வேண்டாம், இப்போது அவன் பெரிய மனிதன்!

அந்தப் பயணத்துக்கு ஏழைக்குத் தேவைப்பட்டவை இரண்டு. கையிலே கொஞ்சம் காசு. ஒருநாள் ஓய்வு. இப்போது மூன்றாவதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: எந்த நாள், எந்த வண்டி, எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லும் வல்லமை. இது சிறிய பொருளா தோழர்களே? எண்ணிப் பாருங்கள். மாதச் சம்பளக்காரருக்கு மே மாதத்திலே எந்த வாரம் விடுப்பு என்று மார்ச் மாதத்திலேயே தெரியும். வண்டி அவருடையது, எண் மனப்பாடம். உட்கார்ந்த இடத்திலே இரண்டு நிமிடத்திலே பதிந்துவிடுவார். பட்டறைக்காரனுக்கு ஞாயிறு ஓய்வு உண்டா இல்லையா என்று சனி மாலை வரை தெரியாது. அவசரச் சரக்கு என்றால் ஞாயிறும் வேலை. தமிழ்நாட்டிலே 1958 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், இவற்றோடு ஐந்து பண்டிகை நாட்கள், ஆக 9 நாள் ஊதியத்தோடு விடுமுறை தரவேண்டும் என்கிறது. ஆலையிலே அது அறிவிப்புப் பலகையிலே தொங்கும். துண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற சின்னப் பட்டறையிலே அது எங்கே தொங்குகிறது? முதலாளியின் நாக்கு நுனியிலே தொங்குகிறது!

முன்கூட்டித் திட்டமிடுவதும் ஒரு சொத்து. நிலம் போல, வீடு போல, அதுவும் சிலரிடம் இருக்கிறது, பலரிடம் இல்லை. ‘முன்பதிவு செய்தவர்க்கு முதலிடம்’ என்று எழுதி வைக்கும்போது, பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆனாலும் சலித்து எடுத்தால் கூடையிலே மேலே நிற்பவர்கள் பழைய ஆட்களேதான்.

இது எங்கே போய் முடியும் என்று தெரிந்துகொள்ள ஒரு கதை சொல்கிறேன். கடல் கடந்த கதை. ஆனால் கட்டுக்கதை அல்ல.

அமெரிக்க நாட்டிலே வால்ட் டிஸ்னி என்ற படக்காரர், 1955 இலே கலிபோர்னியாவிலே ஒரு கேளிக்கைப் பூங்கா திறந்தார். பிறகு புளோரிடாவிலே அதைவிடப் பெரியதாக அந்த நிறுவனம் இன்னொன்று அமைத்தது. நம் ஊர்த் திருவிழா ராட்டினத்தை ஆயிரம் மடங்கு பெருக்கி எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் மணிக்கணக்கிலே வரிசை. வெயிலிலே குழந்தை அழும், தாய் விசிறுவாள், தகப்பன் கடிகாரத்தைப் பார்ப்பான். 1999 இலே அவர்கள் ஒரு யுக்தி கண்டார்கள். ராட்டினத்துப் பக்கத்திலே ஓர் இயந்திரம். அது ஒரு சீட்டுத் தரும். ‘மூன்று மணிக்கு வா’ என்று அதிலே இருக்கும். அதுவரையிலே வேறெங்கேனும் சுற்றிவிட்டு, மூன்று மணிக்கு வந்தால் குறுகிய வரிசையிலே போகலாம். காசு? இல்லை! உள்ளே வந்த எல்லாருக்கும் இலவசம். நல்ல ஏற்பாடுதானே? நல்ல ஏற்பாடுதான்.

2014 இலே அது கைப்பேசிக்குள் போயிற்று. அங்கே போய்ச் சீட்டு வாங்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே பதியலாம் என்றார்கள். ஆனால் நிறுவனத்தின் சொந்த விடுதியிலே அறை எடுத்தவருக்கு 60 நாள் முன்பே கதவு திறக்கும். மற்றவருக்கு 30 நாள் முன்பு. பார்த்தீர்களா சூட்சுமத்தை! சீட்டு இலவசந்தான். முந்தியிருப்பதற்கு விலை, விடுதி அறை! அங்குள்ள குடும்பங்கள் இரண்டு மாதத்துக்கு முன்பே, எந்த நாள் எந்த ராட்டினம், எந்த வேளை எந்த உணவகம் என்று அட்டவணை போடத் தொடங்கின. விடுமுறைக்குப் போகிறார்களா, ஆலையிலே ஷிப்டுக்குப் போகிறார்களா என்று ஐயம் வருகிறது.

2021 அக்டோபரிலே அந்த இலவசமும் போயிற்று. அங்கே தலைக்கு நாளொன்றுக்கு 15 டாலர் என்றார்கள். காலை ஏழு மணி அடித்ததும் படுக்கையிலேயே கைப்பேசியைத் தட்டவேண்டும். தவறினால் நல்ல ராட்டினம் போயிற்று. ஓய்வெடுக்கப் போன மனிதன் விடியற்காலையிலே எழுந்து வேலை பார்க்கிறான்! 2024 அக்டோபரிலே உச்சத்துக்குப் போனார்கள். நேரம் குறிக்க வேண்டாம், நினைத்தபோது வா, குறுக்கு வழியிலே நுழை என்று ஒரு சீட்டு. விலை? கூட்டம் மிகுந்த நாளிலே 449 டாலர் வரையிலே! அன்றைய மதிப்பிலே 37,000 ரூபாய்க்கு மேல். நுழைவுக் கட்டணம் தனி. ஒருவருக்கு. ஒருநாளைக்கு.

இலவசத்திலே தொடங்கி 37,000 ரூபாய்க்கு வர எத்தனை ஆண்டு? இருபத்தைந்தே ஆண்டு!

அமெரிக்கச் சீமான் பணம் கொட்டினால் நமக்கென்ன என்கிறீர்களா? தாம்பரத்துக்கு அப்பால் பாருங்கள். வொண்டர்லா நிறுவனத்தின் பூங்கா 2025 டிசம்பரிலே சென்னையை அடுத்த இள்ளலூரிலே திறக்கப்பட்டது. அந்த நிறுவனம் தன் பூங்காக்களிலே ‘ஃபாஸ்ட்டிராக்’ என்று கூடுதல் விலைச் சீட்டு விற்கிறது. அதை வாங்கியவர் வரிசையைத் தாண்டிப் போகலாம். தனியார் முதலாளி, தன் இடம், தன் ராட்டினம், விற்கிறார். சரி, அரசாங்கத்தின் ரயில்? 2016 செப்டம்பரிலே ராஜதானி, சதாப்தி, துரந்தோ வண்டிகளிலே ஒரு முறை கொண்டுவந்தார்கள். இருக்கைகளிலே பத்து விழுக்காடு விற்றுத் தீர, கட்டணம் பத்து விழுக்காடு ஏறும். இன்னும் பத்து தீர, இன்னும் ஏறும். முன்னே ஓடி வந்தவனுக்கு ஒரு விலை, மூச்சு வாங்கி வந்தவனுக்கு ஒரு விலை! அதே ரயில்வே 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்தது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. நான்கு மாதத்துக்குப் பின் என்ன நடக்கும் என்று தெரிந்தவன் இந்த நாட்டிலே எத்தனை பேர்? கதவைத் தாமதமாகத் திறந்தால், தாமதமாக வருகிறவனுக்கும் உள்ளே இடம் இருக்கும்.

நம் மாவட்டத்துக்கே திரும்புவோம். பழனி. நான் படியேறிப் பரவசப்படுகிறவன் அல்லன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த மலையடிவாரத்திலே நிற்கிற கூட்டத்தை நான் அறிவேன். அது நம் கூட்டம். 1966 இலே அங்கே இழுவை ரயில் வந்தது. வின்ச் என்று ஊரெல்லாம் சொல்கிறது. 2004 இலே கம்பிவட ஊர்தி, ரோப் கார் வந்தது. படி ஏறமுடியாத கிழவனுக்கும், மூட்டுவலிக் கிழவிக்கும், கைக்குழந்தைக்காரிக்கும் அது உண்மையிலேயே உதவி. ஆண்டுதோறும் ஒரு மாத அளவுக்குப் பராமரிப்புக்காக ரோப் கார் நிற்கும். காற்று பலமாக அடித்தாலும் நிற்கும். அப்போதெல்லாம் வின்ச் நிலையத்திலே வரிசை பாம்பாக நீளும். தைப்பூசத்துக்கு வந்து பாருங்கள், பெட்டிக்குள்ளே ஏறி மேலே போக நிமிடக் கணக்கு. அந்தப் பெட்டியருகே போய்ச் சேர மணிக்கணக்கு!

அங்கே நான் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும. காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கிழவி. வரிசையிலே நின்று நின்று கால் கடுத்து உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள், யாரென்று தெரியாதவர்கள், ‘ஆத்தா, நீ உக்காரு, உன் இடம் எங்க போயிடும்’ என்றார்கள். வரிசை நகர நகர அவள் பையை நகர்த்தினார்கள். இரண்டு மணி நேரத்துக்குப் பின், அவள் தன் இடத்திலேயே எழுந்து நின்று சீட்டு வாங்கினாள். கண்ணுக்குத் தெரிகிற வரிசைக்கு ஒரு குணம் உண்டு. அதிலே மனிதன் மனிதனைப் பார்க்கிறான். குறுக்கே புகுந்தவனை ‘யாருப்பா நீ’ என்று கேட்கிறான். கிழவிக்கு வழிவிடுகிறான். கணினிக்குள் இருக்கும் வரிசையிலே உனக்கு முன்னால் நிற்பது யார் என்று உனக்குத் தெரியுமா? ஒரே நிறுவனம் ஐம்பது வண்டிக்கு மொத்தமாகப் பதிந்தாலும் தெரியுமா? யாரைப் பார்த்து ‘யாருப்பா நீ’ என்பது?

வண்டிக் கணக்கிலே இன்னொரு கோளாறும் இருக்கிறது. வார இறுதிக்கு 6,000 வண்டி என்றார்கள். ஒரு கார், அதிலே கணவனும் மனைவியும், பின்னிருக்கையிலே ஒரு நாய்க்குட்டி. அதுவும் ஒரு வண்டி. ஒரு வேன், அதிலே பட்டறைத் தோழர்கள் பதினான்கு பேர். அதுவும் ஒரு வண்டி! ஆறாயிரமும் இருவர் செல்லும் காராக இருந்தால் மலை பார்ப்பவர் பன்னிரண்டாயிரம் பேர். ஆறாயிரமும் பன்னிருவர் செல்லும் வேனாக இருந்தால் எழுபத்திரண்டாயிரம் பேர். அவ்வளவு பேரை ஏரிக்கரை தாங்காது என்பீர்கள். தாங்காதுதான். நான் சொல்வது, மலைப்பாதையை அடைப்பது வண்டியா, மனிதனா என்பது. பாதையிலே இடம் பிடிப்பது வண்டி. அப்படியானால், ஒரே வண்டியிலே நெருக்கி உட்கார்ந்து வருகிறவன் மலைக்கு நல்லது செய்கிறான். அவனுக்கல்லவா முதலிடம்? ஆளுக்கொரு காரிலே வருகிறவன் கடைசியில் அல்லவா நிற்கவேண்டும்? அந்தக் கணினிப் படிவம் எத்தனை பேர் என்று கேட்கத்தானே கேட்கிறது? கேட்டுவிட்டு அந்த எண்ணை வைத்து முன்பின் வரிசைப்படுத்தினால் என்ன?

இப்போது அரசுப் பேருந்துக்கு வருகிறேன். அதற்கு வரம்பில்லை, அதிலே போகிறவனுக்கு இ-பாஸ் இல்லை, எண் இல்லை, படிவம் இல்லை. பெட்டி படுக்கையோடு ஏறு, சீட்டு வாங்கு, போ! இதை எழுதியவர்கள் அறிந்து எழுதினார்களோ, போகிறபோக்கிலே எழுதினார்களோ, பாட்டாளிக்கு இதைவிடப் பெரிய சலுகை இந்த ஆணையிலே வேறில்லை. ஆனால் சலுகை தாளிலே இருந்தால் போதுமா? பேருந்து சாலையிலே இருக்கவேண்டாமா? கோடை ஞாயிறு காலை திண்டுக்கல்லிலே, வத்தலக்குண்டிலே, பழனியிலே, கொடைக்கானல் வண்டியைப் பிடிக்கிறவன் எப்படிப் பிடிக்கிறான்? சன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பிடிக்கிறான். குழந்தையை உள்ளே தள்ளி, அதன்மேல் உரிமை கொண்டாடிப் பிடிக்கிறான். காருக்கு வரம்பு போட்ட நாளிலே, அந்த வரம்பினாலே மிச்சமான சாலையிலே, கூடுதல் பேருந்து ஓடவேண்டும். அடிவாரத்திலே காரை நிறுத்த இடம் கொடுத்து, அங்கிருந்து கால் மணிக்கொரு பேருந்து விட்டால், கார்க்காரரும் வரிசைக்கு வந்துவிடுவார். பக்கத்து இருக்கையிலே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளவும் வாய்ப்பாகும்!

நம் தோழர்கள் கேட்கவேண்டிய இடத்திலே இதைக் கேட்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்தச் சீட்டுக்கு இன்றுபோல் என்றும் விலை வைக்கக்கூடாது. ‘பராமரிப்புச் செலவுக்கு ஒரு சிறு தொகை’ என்று யாராவது அதிகாரி கோப்பிலே எழுதினால், புளோரிடாவின் பதினைந்து டாலர் நினைவுக்கு வரட்டும். வரம்பு போடுகிற நாட்களிலே எல்லா இடத்தையும் முன்பே பதிந்தவர்க்குக் கொடுத்துத் தீர்த்துவிடாமல், ஒரு பங்கை முந்தின நாள் இரவுக்கென்று எடுத்துவைக்கவேண்டும். சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு ஓய்வு என்று தெரிந்துகொள்கிறவனுக்கு அது. வண்டி எண் தெரியாதவன் ஆள் எண்ணிக்கையை மட்டும் சொல்லிப் பதியவும், காலையிலே சோதனைச் சாவடியிலே எண்ணைச் சொல்லவும் வழி வேண்டும். கல்யாண வேனுக்காக ஒரு குடும்பத்தின் ஆண்டிலே ஒருநாள் ஓய்வு போகலாமா? இதற்கெல்லாம் கோடி கோடியாகச் செலவா ஆகும்? படிவத்திலே இரண்டு கட்டம் மாற்றவேண்டும். அவ்வளவுதான்.

‘கொடைக்கானல் பார்ப்பதெல்லாம் ஒரு பிரச்சினையா? கூலி உயர்வைப் பேசு, விலைவாசியைப் பேசு’ என்று ஒரு தோழர் சொன்னார். பேசுகிறோம், பேசிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் எட்டு மணி நேர உழைப்பு, எட்டு மணி நேர உறக்கம் என்று முழங்கிய தொழிலாளி, மூன்றாவது எட்டையும் சேர்த்துத்தான் கேட்டான். 1923 இலே சென்னைக் கடற்கரையிலே சிங்காரவேலர் மே நாள் கொடி ஏற்றியபோது அந்த மூன்றாவது எட்டும் கொடியிலே இருந்தது. அந்த எட்டிலே அவன் தூங்கவும் வேண்டியதில்லை, உழைக்கவும் வேண்டியதில்லை. மகளைத் தோள்மேல் வைத்துக்கொண்டு மேகத்தைத் தொட்டுக் காட்டலாம்.

அந்த நால்வர் என்ன ஆனார்கள் என்று கேட்கிறீர்களா? கல்யாண வேன் நள்ளிரவு தாண்டித்தான் வந்ததாம். பதினான்கு பேரும் விடியற்காலை நாலரை மணிக்கே காமராசர் பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டார்கள். முதல் வண்டியிலே எட்டுப் பேருக்கு இடம். பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றினார்கள். மற்ற அறுவர் அடுத்த வண்டிக்கு நின்று, அதிலும் உட்கார இடமில்லாமல், வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு கூட்டமும் ஏரிக்கரையிலே ஒன்றையொன்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்றாம். கட்டுச்சோறு முதல் வண்டியிலே போய்விட்டதால் அறுவரும் பசியோடு தேடியிருக்கிறார்கள்.

திங்கட்கிழமை மாலை மணிக்கூண்டருகே அந்த நரைத்த தலைக்காரரைப் பார்த்தேன். கையிலே, பேத்திக்கு வாங்கிய கம்பளிக் குல்லாய். இந்த வெயிலிலே!

“என்னண்ணே, மலை சாஞ்சிருச்சா?” என்றேன்.

“மலை அப்படியேதான் இருக்கு தம்பி,” என்றார். “நின்னு நின்னு நான்தான் சாஞ்சு போனேன்.”